வெறும் வயிறு

உரும்பிராயில் ஒரு குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள் வந்தது. மண்டப வாசலில் கட்டிய பதாகையில், பலூன்களுக்கும் கரடிக்குட்டிக்கும் நடுவில், 'அறுபதாவது அகவையில் காலடி வைக்கும் எங்கள் செல்லக்குட்டி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடித்துக் கொடுத்தவள் நிவேதனா. திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்து அச்சகத்தில் கல்யாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலியும் பிறந்தநாள் பதாகையும் வடிவமைக்கிறவள். ஒற்றுப்பிழை கூட விடமாட்டாள் என்று பேரெடுத்தவள். முந்தின நாள் மணிவிழாப் பதாகை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது கண் சொக்கியிருக்கிறது, இரண்டும் கலந்துவிட்டன. கடைக்கு வந்த குழந்தையின் தகப்பன் சத்தம் போடவில்லை. பிள்ளைக்குப் பென்சனும் இங்கேயே எடுக்கலாமோ என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.

சில மாதமாகவே அவள் அப்படித்தான் இருந்தாள். புருஷன் கஜரூபன் கோப்பாயில் தோட்டம் செய்கிறவன். விடிய மரக்கறி மூட்டையைச் சந்தைக்கு ஏற்றும்போது அவளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவான். மூட்டை முன்னால், மனைவி பின்னால். இருபாலை தாண்டுவதற்குள் அவளுடைய ஹெல்மெட் அவன் முதுகில் டொக் டொக்கென்று முட்டத் தொடங்கும். நித்திரை. சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை கேட்டாள். சாப்பாடு குறைந்தது, உடம்பு பெருத்தது. தலை இழுத்தால் சீப்போடு பாதி முடி வந்தது. நாவூறு என்று கஜரூபனின் தாய் கேதீஸ்வரி மிளகாய் சுற்றிப் போட்டாள். அதிலும் சரிவராமல் டொக்டரிடம் போனார்கள்.

டொக்டர் தலை நரைத்த, ஆறுதலாகக் கதைக்கிற மனிதர். இரத்தம் சோதித்துவிட்டு, கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பி சோம்பல்பட்டுவிட்டது என்றார். அந்தச் சோதனையில் ஒரு எண் வரும். எண் கூடினால் நல்லது என்று நினைக்கக் கூடாது, அது தலைகீழ்க் கணக்கு. சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளை போடுகிற சத்தம்தான் அந்த எண். சுரப்பி படுத்துக் கிடந்தால் மூளை கத்தும், எண் ஏறும். நிவேதனாவின் மூளை நன்றாகத்தான் கத்திக்கொண்டிருந்தது.

வருத்தம் இவ்வளவுதான் என்றால் அவள் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டாள். கல்யாணம் முடித்து ஏழு வருடம், பிள்ளை இல்லை. ஊரில் யாருக்கோ பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கார்டு அடிக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு ஊசி ஏறி இறங்கும். டொக்டர் அதையும் கேட்டறிந்தார். பிள்ளை வேண்டுமென்றால் முதலில் அந்த எண்ணை இரண்டரைக்குக் கீழே இறக்க வேண்டும், மற்றச் சோதனைகளை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அன்றையிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எண்தான் இருந்தது.

விடிய வெறும் வயிற்றில் ஒரு குளிசை. ஐம்பது மைக்ரோகிராமில் டொக்டர் தொடங்கினார். ஆறேழு கிழமை கழித்து இரத்தம் கொடுத்தாள். எண் அசையவில்லை.

"கூட்டுவம்," என்றார் டொக்டர்.

எழுபத்தைந்து. திரும்பவும் ஆறேழு கிழமை, திரும்பவும் ஊசி. எண் ஒரு நூல் இறங்கி நின்றது. கூட்டுவம் என்றார், நூறு ஆனது. ஒவ்வொரு முறையும் கஜரூபன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்று, அவள் முகத்தைப் பார்த்து, "கூட்டினவரோ, குறைச்சவரோ?" என்று கேட்பான். பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி இருக்கும். கூட்டினவர் என்று சொல்லச் சொல்ல அவளுக்கு அந்தச் சொல்லிலேயே வெறுப்பு வந்துவிட்டது.

குளிசையை எப்படிப் போடுகிறீர் என்று டொக்டர் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டார். வெறும் வயிற்றில்தான் என்று அவளும் ஒவ்வொரு முறையும் சொன்னாள். அது பொய்யும் இல்லை. அவளுடைய சட்டப்படி அது வெறும் வயிறுதான்.

அந்தச் சட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும். விரதம் பிடிப்பதில் நிவேதனாவை அந்த வட்டாரத்தில் அடிக்க ஆளில்லை. வெள்ளிக்கிழமை, பிரதோஷம், கேதாரகௌரி, பிள்ளையார்கதை, கந்தசஷ்டி ஆறு நாள் எல்லாமே பிடித்தாள், எல்லாமே பிள்ளைக்காக. எந்த விரதத்தில் என்ன குடிக்கலாம் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் அவளுக்குத்தான் போன் வரும். சோறு, பிட்டு, இடியப்பம் சாப்பாடு. வாயில் வைத்தால் விரதம் போயிற்று. பால், பழம், தேத்தண்ணி சாப்பாடு இல்லை, அவை ஆளைத் தாங்கிப் பிடிக்கிறவை. ஆகவே தேத்தண்ணி குடித்த வயிறு வெறும் வயிறு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அதிலும் அது சாதாரணத் தேத்தண்ணி இல்லை. கேதீஸ்வரி மாமி தன் பசுவைத் தானே கறந்து, அந்தப் பாலைக் காய்ச்சி, நுரை தளும்ப ஆற்றிக் கொண்டு வருகிற பால்தேத்தண்ணி. மருமகள் எழும்பி முகம் கழுவிச் சாமி கும்பிட்டதும் வலக்கையில் கப்பும் இடக்கையில் குளிசையுமாக மாமி அறை வாசலில் நிற்பாள். மறக்காமல் இருக்க வேண்டுமே என்ற அக்கறை. நிவேதனா குளிசையை வாயில் போட்டு, தேத்தண்ணியை ஒரு மிடறு இழுத்து, "இறங்கிட்டுது மாமி" என்பாள். மாமிக்கு நிம்மதி.

நூறிலும் எண் இறங்குகிறதா என்று பார்க்க இரத்தம் கொடுக்கப் போன அன்றைக்குத்தான் நளீபாவைச் சந்தித்தாள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஆய்வுகூடம், வாசலில் நீள மரவாங்கு, வாங்கு நிறைய ஊசிக்குக் காத்திருக்கிற ஆட்கள். பக்கத்தில் முக்காடு போட்டபடி, நாற்பது மதிக்கத்தக்க, வாய் நிறையச் சிரிப்புள்ள ஒரு பெண். இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து பத்து வருடத்துக்கு முன் திரும்பி வந்து சோனகதெருவில் பழைய வளவிலேயே வீடு கட்டி இருக்கிறாளாம். அவளுக்கும் தைரொயிட்தான். மூன்று வருடமாக எழுபத்தைந்திலேயே நிற்கிறாள், எண் சொன்ன சொல் கேட்கிறது என்று சொன்னாள். நிவேதனாவுக்கு வயிறு எரிந்தது.

நோன்பு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நோன்பு நேரம் குளிசைக்கு என்ன செய்தீர்கள் என்று நிவேதனா கேட்டாள். விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினதும் முதல் வேலை குளிசை, வெறும் தண்ணியோடு, அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் கழித்துத்தான் வாயில் எதுவும் என்றாள் நளீபா. அதற்காகவே எல்லாருக்கும் முன்னால் எழும்புவாளாம். நிவேதனா பெருமூச்சு விட்டு, உங்கள் நோன்பு பெரிய கஷ்டம், தண்ணி கூடக் குடிக்க முடியாதே, எங்களுக்கென்றால் விரதத்திலும் தேத்தண்ணி குடிக்கலாம் என்றாள்.

நளீபா திரும்பிப் பார்த்தாள். "தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நோன்போ?"

நிவேதனா சட்டத்தை விளக்கினாள். சோறு, பிட்டு, இடியப்பம் ஒரு பக்கம். பால், பழம், தேத்தண்ணி மற்றப் பக்கம். நளீபா கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அப்படியென்றால் குளிசையை எதோடு போடுகிறீர்கள் என்று மெல்ல விசாரித்தாள். நிவேதனா வலக்கையையும் இடக்கையையும் மாமியின் நுரையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய குரலே இறங்கிக்கொண்டு போனது.

நளீபா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கு குலுங்கச் சிரித்தாள். பிறகு நிவேதனாவின் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"உங்கட கடவுள் தேத்தண்ணியை மன்னிப்பார் தங்கச்சி. இந்தக் குளிசை மன்னிக்காது."

தேயிலையும் பாலும் சேர்ந்து மருந்தை உடம்பில் சுவற விடாதாம். தனக்கும் தொடக்கத்தில் டொக்டர் இதைப் படித்துப் படித்துச் சொன்னாராம். நிவேதனாவுக்கும் அவளுடைய டொக்டர் சொல்லித்தான் இருப்பார். வெறும் தண்ணி என்று அவர் சொன்னதில் 'வெறும்' மட்டும் அவள் காதில் ஏறியிருக்கிறது.

அன்றைய எண்ணும் இறங்கவில்லை. டொக்டர் நெற்றியைச் சொறிந்து, நூற்று இருபத்தைந்தாக்கினார். நிவேதனாவுக்கு விஷயம் தொண்டை வரை வந்தது. இவ்வளவு படித்த மனிதரை அரை வருடமாகப் பேய்க்காட்டியிருக்கிறோமே என்ற வெட்கத்தில் அதை அப்படியே விழுங்கினாள். எண் இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்தினாள். சரியான மடைத்தனம், ஆனால் அந்த நேரத்தில் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டில் இருந்தது. மாமியின் தேத்தண்ணியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் விடிய, இனிக் கொஞ்ச நேரம் கழித்துத் தாருங்கோ மாமி என்று மட்டும் சொன்னாள். மாமி கப்பைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கப்போடு திரும்பிப் போனாள். அடுத்த நாள் தேத்தண்ணி கஜரூபனின் கையில் வந்தது. அதற்கடுத்த நாள் வரவே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த நல்லம்மாவிடம், மருமகளுக்கு இப்ப எங்கடை மாட்டின்ரை பால் பிடிக்குதில்லையாம் என்று மாமி சொல்வது கிணற்றடியில் நின்ற நிவேதனாவுக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு பேரின் தேத்தண்ணியையும் கஜரூபனே குடித்துச் சமாதானத் தூது போய்க்கொண்டிருந்தான். அவனுடைய காற்சட்டை இறுகத் தொடங்கியது.

கடைசியில் அவள் மாட்டுக் கொட்டிலுக்கே போய், கறந்துகொண்டிருந்த மாமிக்குப் பக்கத்தில் குந்தி, எல்லாவற்றையும் சொன்னாள். மாமியின் கை நின்றது. பசு திரும்பிப் பார்த்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நான்தானே பிள்ளை உனக்கு மருந்து பிடிக்காமல் பண்ணினனான்," என்றாள் மாமி. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும் அந்த எண்தான் உலகம் என்பது அப்போதுதான் நிவேதனாவுக்கு விளங்கியது. ஏழு வருடத்தில் ஒரு நாளாவது மாமி வாய்விட்டுக் கேட்டதில்லை.

அடுத்த நாள் விடிய மாமி வலக்கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்தாள். குளிசை இறங்கியதும் படியில் உட்கார்ந்தாள். அவளுடைய தேத்தண்ணியும் அடுப்பங்கரையில் மூடிக் கிடந்தது. நீங்கள் குடியுங்கோ மாமி என்று நிவேதனா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நீ குடியாமல் எனக்கு இறங்குமோ என்று கேட்டுவிட்டு மாமி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எழும்பின கையோடு தேத்தண்ணி இல்லாவிட்டால் தலையிடி பிடிக்கிற மனுசி. அந்த நேரம் நிவேதனாவுக்கு மாமியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. கோப்பாயில் மாமிமாரைக் கட்டிப்பிடிக்கிற வழக்கம் இல்லை.

இனித்தான் வேடிக்கை. இதுவரை அரைகுறையாகச் சுவறிய மருந்து இப்போது முழுதாக உள்ளே போகத் தொடங்கியது. அதுவும் நூற்று இருபத்தைந்து. முதல் இரண்டு கிழமை சொர்க்கம். நித்திரை போய்விட்டது, கம்பளிச் சட்டை அலுமாரிக்குப் போனது, அச்சகத்தில் மூன்று பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். அதற்குப் பிறகு அடங்கவே முடியவில்லை. கிணற்றுக்கட்டை உரஞ்சினாள். மாட்டுக் கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வெங்காயப் பாத்தியில் இறங்கி, கஜரூபன் கட்டிய வரம்பு கோணல் என்று இடித்துத் திரும்பக் கட்டினாள். கேட்கப் போனவன் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. அவளுக்கே பயம் வந்தது.

சோதித்தால் எண் கிட்டத்தட்டப் பூச்சியம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார். நித்திரை கொண்ட நிவேதனாவையே திருப்பித் தந்தால் போதும் என்று கஜரூபன் பக்கத்தில் இருந்து முறைப்பாடு வைத்தான். இதற்கு மேல் மறைக்க முடியாமல் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். விரதச் சட்டம், மாமி, நுரை, நளீபா எல்லாம்.

டொக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப அரை வருசமா நான் உம்மடை மாமியின்ரை தேத்தண்ணிக்குத்தான் மருந்து குடுத்திருக்கிறன்."

ஏசவும் செய்தார். எண் மிக மேலே நின்றாலும் பிள்ளைக்குக் கூடாது, மிகக் கீழே போனாலும் கூடாது, நெஞ்சுக்கும் கூடாது. இனிக் குளிசையிலோ அதைப் போடுகிற முறையிலோ எதை மாற்றினாலும் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும். வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வரும்படி சொன்னார். குளிசையை எழுபத்தைந்துக்குக் குறைத்தார். அன்றைக்கு வாசலில் கஜரூபன் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. குறைச்சவர், குறைச்சவர் என்று அவனே சந்தைக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

அடுத்த சோதனையில் எண் இரண்டுக்குக் கீழே நின்றது. நிவேதனா தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தாள். டொக்டர் கை குலுக்காத குறை. மூன்று நான்கு மாதம் இப்படியே போகட்டும், அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் மற்றச் சோதனைகளைப் பார்ப்போம் என்றார்.

ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதம் அச்சகத்தில், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அழைப்பிதழின் நடுவில், நிவேதனாவின் தலை தட்டச்சுப் பலகையில் விழுந்தது. விழித்துப் பார்த்தால் பிள்ளையின் பேருக்குப் பிறகு ஒரு பக்கம் நிறைய 'ள' கிடந்தது. மறுநாள் விடிய, இருபாலை வருவதற்கு முன்னமே கஜரூபனின் முதுகில் டொக் டொக் கேட்டது. அவன் மோட்டார் சைக்கிளை மெதுவாக விட்டான்.

அவளுக்கு உயிர் போய் வந்தது. எண் ஏறிவிட்டது என்று சோதிக்காமலே தெரிந்தது. ஒரு நாள் கூடத் தவறவில்லை, வெறும் தண்ணீர்தான், மாமி படியில் இருந்து சாட்சி. இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? தன்னுடைய உடம்புக்கு எந்த மருந்தும் ஒத்துவராது, பிள்ளை என்ற கதையை இத்தோடு விட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்து, கிணற்றடியில் முகம் கழுவுகிற சாட்டில் அழுதாள். பிறகு போய் இரத்தம் கொடுத்தாள்.

முடிவு வந்தது. எண் நாலரையைத் தாண்டி நின்றது.

கஜரூபன் வழக்கம் போல வாசலில் நிற்க, அவள் தனியே உள்ளே போனாள். டொக்டர் தாளைக் கையில் எடுப்பதற்குள் அவளுக்கு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சத்தியமாத் தேத்தண்ணி குடிக்கேல்லை டொக்டர்," என்றாள்.

அவர் நம்பினார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியாக எப்போது குளித்தீர் என்று கேட்டார். அவள் விழித்தாள். சுரப்பி சோம்பலாக இருந்த காலத்தில் மாதக் குளிப்பும் நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் போனதால் கணக்கு வைக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. விரலை மடக்கி எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். டொக்டர் தாதியைக் கூப்பிட்டு, ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, அவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

திரும்பி வந்து இருந்ததும் அவள் விட்ட இடத்திலிருந்து விரலை மடக்கித் திரும்ப எண்ணினாள். தாதி வந்து டொக்டருக்கு முன்னால் எதையோ வைத்துவிட்டு, போகிற போக்கில் இவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"கூட்டவேணும் பிள்ளை," என்றார் டொக்டர். "இனி அந்தச் சுரப்பி ரெண்டு பேருக்கு வேலை செய்யவேணும். அதுதான் எண் ஏறினது."

மாதாமாதம் இரத்தம் சோதிக்க வேண்டும், குளிசையை இன்றைக்கே கூட்ட வேண்டும், பிள்ளை பிறந்த பிறகு திரும்பக் குறைக்கலாம், இரும்புச் சத்துக் குளிசை தந்தால் அதையும் இதையும் ஒன்றாகப் போடக்கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் தலையை ஆட்டினாள். பாதி காதில் ஏறவில்லை. தாதி எல்லாவற்றையும் எழுதித் தந்தாள்.

"கூட்டுங்கோ டொக்டர்," என்றாள் நிவேதனா. "எவ்வளவெண்டாலும் கூட்டுங்கோ."

அளவாகத்தான் கூட்டுவேன் என்று அவர் சிரித்தார்.

வெளியே கஜரூபன் சந்தைக்குப் போக வேண்டிய கத்தரிக்காய் மூட்டையோடு வெயிலில் நின்றான். அழுது சிவந்த அவளுடைய கண்ணைத் தூரத்திலேயே கண்டுவிட்டான். கிட்ட வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கூட்டினவரோ, குறைச்சவரோ?"

"கூட்டினவர்."

அவன் முகம் விழுந்துவிட்டது. பரவாயில்லை, எங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்தானே என்று ஏதோ முணுமுணுத்தபடி ஹெல்மெட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"எவ்வளவாலை?"

"ஒரு ஆளாலை," என்றாள் நிவேதனா.